அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது யாரு தம்பி?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, சென்னையில ஐடி வேலை. ஓட்டு இன்னும் ராஜபாளையம் பக்கம் சொந்த ஊர்லதான் இருக்கு. 2021-ல கடைசியா போட்டேன், அதுக்கப்புறம் வெறுத்துப் போச்சு. யார் வந்தாலும் அதே கமிஷன், அதே ரோடு. ஜனங்களும் காசு வாங்கிட்டுத்தான் போடறாங்க. 2024-ல ஊருக்கே போகல. எங்க அம்மாவுக்கு 68 வயசு, கண்ணுல புரை, தனியா இருக்காங்க. அன்னிக்கு கிளைச் செயலாளர்தான் கூட்டிட்டுப் போய் உள்ள வரைக்கும் வந்து பட்டனை அமுக்கினாராம், 'நான் சொன்னதைத்தான் அமுக்கியிருப்பான்'னு அம்மா சொல்றாங்க. இப்படிப்பட்ட நாட்டுல எதுக்கு ஓட்டு? இனிமே ஒதுங்கிடலாமா, இல்ல நோட்டாவா? - பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, கமிஷன், ரோடு, காசு, இதெல்லாம் எனக்கு வாரம் பத்து லெட்டர்ல வருது, நீங்க சொல்றது பொய்னு சொல்லப் போறதில்ல. பணப் பட்டுவாடாவுக்காக 2016-ல அரவக்குறிச்சியிலயும் தஞ்சாவூர்லயும், 2017-ல ஆர்.கே.நகர்லயும், 2019-ல வேலூர்லயும் தேர்தலையே நிறுத்தினாங்க, அதை நானும் பார்த்தவதான். ஆனா உங்க லெட்டர்ல நான் நின்னுட்டது அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையில. 'அமுக்கினான்'னு சொல்லல அவங்க. 'அமுக்கியிருப்பான்'னு சொல்றாங்க. அவங்களுக்கே தெரியல. பெத்த பிள்ளை நீங்க, அதைக் கேட்டுட்டு நாடு சரியில்லைன்னு எனக்கு எழுதறீங்க.

அந்த விதி என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கண்ணு தெரியாம சின்னம் பார்க்க முடியாதவங்க, பட்டன் அமுக்க முடியாதவங்க, 18 வயசு முடிஞ்ச ஒருத்தரைத் துணைக்கு உள்ள கூட்டிட்டுப் போகலாம். அந்த ஆள் ஓட்டை ரகசியமா வெச்சுக்குவேன்னும் அன்னிக்கு வேற யாருக்கும் துணையா போகலைன்னும் எழுதிக் குடுக்கணும். ஒருத்தருக்கு ஒருத்தர்தான். அது யாருன்னு முடிவு பண்றது ஓட்டுப் போடறவங்க விருப்பம். சட்டம் அந்த இடத்தை யாருக்காக வெச்சிருக்குன்னு யோசிங்க, மகனுக்கு, மகளுக்கு, மருமகளுக்கு. நீங்க வராததால அந்த இடத்துல ஒரு கட்சிக்காரர் போய் நின்னார். பட்டன் அமுக்கினா பக்கத்து மெஷின்ல சீட்டு 7 செகண்ட் தெரியும், நாம போட்டது சரியா விழுந்துச்சான்னு பார்த்துக்கத்தான் அது. அதைப் பார்க்கற கண்ணு உங்க அம்மாவுக்கு இல்ல, அவங்களுக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டிய கண்ணு அன்னிக்கு சென்னையில இருந்தது.

2024 ஏப்ரல் 19 என்ன கிழமை? வெள்ளிக்கிழமை. ஓட்டுப் போடறவங்களுக்கு அன்னிக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதோட சனி ஞாயிறு சேர்ந்து மூணு நாள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் எப்படியாவது பஸ் டிக்கெட் கிடைக்குது இல்ல, அம்மா ஓட்டுக்கு மட்டும் கிடைக்கலையா?

கோவமா பேசறேன்னு நினைக்காதீங்க, இல்ல நினைச்சுக்கோங்க பரவாயில்ல. அந்தக் கிளைச் செயலாளரை நான் திட்டப் போறதில்ல. வண்டி வெச்சு வாக்காளரை இலவசமா ஏத்திட்டுப் போறது தேர்தல் சட்டப்படி குத்தம், அவர் எதுல கூட்டிட்டுப் போனார்னு நீங்க எழுதல, விடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், ரேஷன் கார்டுல பேர் பிரச்சனைன்னா அம்மா யாருக்கு போன் பண்றாங்க? முதியோர் பென்ஷனுக்கு தாலுக்கா ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தது யாரு? மழையில ஓடு ஒழுகினா யாரு வந்து பார்க்கறா? இதுக்கெல்லாம் அந்த ஆள் பேர்தான் பதில்னா, அம்மா அவர் சொன்ன இடத்துல போட்டாலும் ஓட்டை வித்துட்டாங்கன்னு சொல்ல உங்களுக்கு எந்த வாயும் இல்ல. படிச்ச பிள்ளைங்க எல்லாம் வெறுத்துப் போய் பட்டணத்துல உக்காந்துக்கிட்டு, ஊர்ல இருக்கற வயசானவங்களை அந்த ஆளுங்க கையிலயே விட்டுட்டு வர்றீங்க, அப்புறம் அரசியலை அவங்களே புடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்றீங்க. நான் முப்பது வருஷமா பார்க்கறது இதுதான்.

2011-ல என் மாமியாருக்கு கண்ணு சுத்தமா தெரியல, நான்தான் கூட உள்ள போனேன். காதுல ஒரு சின்னம் சொன்னாங்க, எனக்கு அந்தக் கட்சியே ஆகாது, வயிறு எரிஞ்சுது. அமுக்கினேன், அவங்க சொன்னதையேதான். பீப் சத்தம் கேட்டதும் என் கையை அழுத்திப் புடிச்சாங்க. வீட்டுல யார்கிட்டயும் நான் சொல்லல, என் வீட்டுக்காரர் கேட்டும் சொல்லல.

நோட்டா பத்திக் கேட்டீங்க. 2013-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் வந்தது, அதுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்கள்ல அதிக ஓட்டு வாங்கினவர்தான் ஜெயிப்பார். 2016-ல ராதாபுரத்துல 49 ஓட்டுல ஒருத்தர் ஜெயிச்சதா அறிவிச்சாங்க, அது கோர்ட் வரைக்கும் போச்சு, ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு முக்கியம்னு பார்த்துக்கோங்க. இதுக்கு மேல நோட்டாவைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க ஓட்டு உங்க இஷ்டம், நோட்டான்னாலும் போடுங்க. ஆனா அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டு, அவங்க சொல்றதை அமுக்கிட்டு, அப்புறம் உங்களுதைப் போடுங்க.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. எத்தனை நாளா அந்தப் புரை இருக்கு? 68 வயசுல புரைக்கு ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம். அரசு ஆஸ்பத்திரியில இலவசம், மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில முகாம் போட்டு பஸ்ல கூட்டிட்டுப் போய் பண்றாங்க. மாசச் சம்பளம் வாங்கற மகன் இருந்தும் ஒரு அம்மா தன் ஓட்டு எங்க விழுந்துச்சுன்னு தெரியாம 'இருப்பான்'னு சொல்லிட்டு இருக்காங்க. நாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ராஜபாளையம் பஸ்ஸுக்கு டிக்கெட் போடுங்க, திங்கக்கிழமை லீவு சொல்லிட்டு அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, திரும்பி வர்ற வழியில அந்தக் கிளைச் செயலாளரைப் பார்த்து, இத்தனை நாளா அம்மாவைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி, இனிமே நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டு வாங்க.