கேள்வி – பதில்: வாடியில் வெள்ளம், வகுப்பில் ஆங்கிலம்

கேள்வி: ஓமனில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். வாய் மட்டும் திறப்பதில்லை. ‘சிமுலேஷன் செய்து பாருங்கள்’ என்கிறார் மூத்த ஆசிரியர். நாடகம் போடச் சொல்கிறாரா?
– திருச்சி வாசகி, மஸ்கட்டிலிருந்து

பதில்: நாடகம் இல்லை. நாடகத்தில் கையில் வசனம் கொடுப்போம். சிமுலேஷனில் நிஜம்போல ஒரு சூழ்நிலையையும் அதில் ஒரு வேலையையும் கொடுக்கிறோம், பேச்சு அவர்களுடையது. நானும் மஸ்கட் பக்கம் பதினோரு வருடம் இதே பிழைப்புப் பிழைத்தவன். முதல் வருடம், புத்தகத்தில் இருந்தபடியே லண்டன் உணவகத்தில் ஒயின் ஆர்டர் செய்யும் காட்சியை நடிக்கச் சொன்னேன். வகுப்பே தரையைப் பார்த்தது. அந்த உணவகத்தை நானும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் கோனு புயலை எடுத்தேன். 2007 ஜூனில் அது ஓமனைத் தாக்கியபோது என் மாணவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது. வாடியில் (மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு, நம் காதில் வேறு மாதிரி விழும்) வெள்ளம் வந்த கதை எல்லோரிடமும் இருந்தது. வகுப்பைக் கட்டுப்பாட்டு அறையாக்கி வானிலை, மின்சாரம், மருத்துவமனை, சாலை என்று குழு பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர்கள் பார்க்காத ஒரு சீட்டு. மருத்துவமனை ஜெனரேட்டரில் மூன்று மணி நேர டீசல்தான் பாக்கி. லாரி எந்த வழியாக வரலாம் என்பது சாலைக் குழுவின் சீட்டில் இருக்கிறது. கேட்டால்தான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை நான் ஒரு புதுச் செய்தியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பருவம் முழுக்க வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து நின்று, “நோ! வாடி டேஞ்சர்! யூ ஸ்டாப் கார்!” என்று போனில் கத்தினான். இலக்கணம் தப்பு. கார் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் திருத்தாதீர்கள். மூலையில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டு, முடிந்த பிறகு பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, அவர்களையே திருத்த விடுங்கள். இதற்குப் பாதி நேரமாவது வேண்டும். இல்லையென்றால் நடந்தது வெறும் கூச்சல். என் தாளில் அதிகம் இருந்தது ‘ரோடு க்ளோஸ்டு’. நடுவில் ‘இஸ்’ இருக்காது. அரபியில் நிகழ்காலத்துக்கு அப்படி ஒரு சொல் தேவையில்லை. ‘நான் ஆசிரியர்’ என்று சொல்கிற நமக்கு இது புரியாதா?

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் கலைக்க வேண்டாம். குழுக்களுக்கு இடையே போன் வழியாகப் பேச வையுங்கள், போதும். உங்கள் மாணவர்களுக்குக் கோனு பழங்கதை. 2021 அக்டோபரில் வடக்கு பாத்தினா கடற்கரையில் அடித்த ஷாஹீன் புயலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவர்கள் சொல்லும் ‘பார்க்கிங்’ எனக்கு வேறு மாதிரி கேட்கிறதே?
– அதே வாசகி

பதில்: ‘பல்’லில் வரும் ப அரபியில் இல்லை, ‘அம்பு’வில் வரும் ப உண்டு. அதனால் கார் நிறுத்துமிடம் நாய் குரைக்கும் இடமாகிவிடும். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், அச்சில் காட்ட வழியில்லை!) உதட்டுக்கு முன்னால் தாளைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஆங்கில ‘பார்க்கிங்’கின் ப மூச்சுக் காற்றோடு சரியாக வந்தால் தாள் ஆடும். இது வராத பையனை நான் மின்சாரக் குழுவில்தான் போடுவேன். ஒரு மணி நேரத்தில் ‘பவர்’ என்று இருபது தடவையாவது சொல்லியாக வேண்டும். சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள். தொண்டையிலிருந்து எழும் அவர்களுடைய ‘ஐன்’ எழுத்தை நீங்கள் ஒரு முறை சொல்லிக் காட்டினால், வகுப்பு சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.