இரண்டாம் உலகப்போர் கால டெஸ்ட்ராயர் என்ற வேகமான போர்க்கப்பலில் ஏறிப் பார்க்க முடியுமா?

முடியும். பிரிட்டனில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: சாத்தம் கப்பல்கட்டுத் துறையில் நிற்கும் எச்.எம்.எஸ். கேவலியர். 1944-இல் கடலில் இறங்கி, 1972-இல் ஓய்வு பெற்றது.

அதற்கு முந்தைய வருஷம் ரேபிட் என்ற இன்னொரு கப்பலோடு 64 மைல் பந்தயம்! சராசரி 31.8 நாட் (மணிக்குச் சுமார் 59 கி.மீ.) வேகம். வெறும் முப்பது கெஜத்தில் ஜெயித்தது கேவலியர். கிழட்டுக் கப்பலுக்கு என்ன வீம்பு பாருங்கள்.

நீளம் சுமார் 363 அடி, அகலம் 36 அடிகூட இல்லை. ஒல்லியான இந்த உடம்புதான் வேகத்தின் ரகசியம். உள்ளே இடம் கிடையாது, ஏணிப்படிகள் செங்குத்து. ஏணியைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போதும்.

பக்கத்திலேயே வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது: போரில் மூழ்கிய 142 பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர்களுக்கும், மாண்ட 11,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கும்.