பேஸ்லைன் நீக்கிய நிறமாலையை ஆர் மென்பொருளில் வரைவது: கேள்வி பதில்

கேள்வி: ஆரின் 'பேஸ்லைன்' (baseline) பேக்கேஜில் 40 ராமன் நிறமாலைகளைத் திருத்தினேன், அதாவது பீக்குகளுக்கு (உச்சிகளுக்கு) அடியில் ஓடும் பின்னணிக் கோடான பேஸ்லைனை நீக்கினேன். பிளாட் (plot) கட்டளை கொடுத்தால் ஒன்றுதான் வருகிறது, ஏன்?

பதில்: திருத்தியதும் கிடைப்பது வெறும் மேட்ரிக்ஸ் இல்லை. மூலம், பேஸ்லைன், திருத்தியது மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பிளாட் முதல் நிறமாலையை மட்டுமே காட்டும். கெட்கரெக்டட் (getCorrected) கட்டளை மூலம் திருத்திய மேட்ரிக்ஸை வெளியே எடுங்கள். அதில் ஒவ்வொரு நிறமாலையும் ஒரு நிரை (row). பல கோடுகளை ஒன்றாக வரையும் மேட்பிளாட் (matplot) கட்டளையோ நிரலுக்கு (column) ஒரு கோடு போடும். ஆகவே 'டி' (t) கட்டளையால் நிரை நிரல் மாற்றிவிட்டுக் கொடுங்கள். டைப்பை (type) 'எல்' (l) என்று வைக்க மறக்காதீர்கள். மறந்தால் கோடுகளுக்குப் பதில் எண்களும் எழுத்துகளும் இறைந்து கிடக்கும்.

கேள்வி: கிடை அச்சில் அலையெண் வராமல் 1, 2, 3 என்று வருகிறதே?

பதில்: அலையெண் வெக்டாரை மேட்பிளாட்டுக்கு முதலில் கொடுங்கள். அகச்சிவப்பு நிறமாலை என்றால் கிடை அச்சின் எல்லையைக் குறிக்கும் எக்ஸ்லிம்மில் (xlim) 4000, 400 என்று இறங்குவரிசையில் தந்தால் போதும். தரவைத் திருப்பிப் போட வேண்டாம்.

கேள்வி: கார்பன் மாதிரியில் டி (D), ஜி (G) என்ற இரண்டு முக்கிய பீக்குகள் திருத்தியபின் சிறுத்துவிட்டன. ஏஎல்எஸ் (ALS, பேஸ்லைனைக் கணிக்கும் ஒரு முறை) தான் போட்டேன், கோடு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் லாம்டா (lambda) 3.

பதில்: அந்த 3 அடுக்கு எண், அதாவது 10-இன் 3-ஆம் அடுக்கு. இயல்பாக இருப்பது 6. லாம்டா குறைந்தால் பேஸ்லைன் வளைந்து கொடுத்து, அகலமான பீக்குக்குள்ளேயே ஏறிவிடும். உங்கள் படத்தில் டி பீக் வரும் 1350-க்கும் ஜி பீக் வரும் 1580-க்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். ஒழுங்கற்ற கார்பனில் இரண்டு பீக்குகளின் வால்களும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தப் பள்ளம் பூச்சியத்தைத் தொட்டால், பின்னணியோடு சிக்னலையும் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை வைத்து டி-க்கும் ஜி-க்கும் விகிதம் கணக்கிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

லாம்டாவை 5, 6, 7 என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் மூல நிறமாலையின் மேலேயே, கெட்பேஸ்லைன் (getBaseline) கட்டளை தரும் பேஸ்லைன் கோட்டை வரைந்து பாருங்கள். திருத்திய படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது எப்போதுமே அழகாகத்தான் தெரியும். மிக உயர்த்தினால் கோடு விறைத்து, வளைந்த ஒளிர்வுப் பின்னணி மிச்சமாகும். ஏஎல்எஸ்ஸில் பேஸ்லைனுக்கு மேலே இருக்கும் புள்ளிகளுக்குத் தரும் எடைதான் பி (p). அது இயல்பாக 0.05, பீக் இல்லாத இடங்கள் முழுக்கப் பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் அதை 0.01-க்குக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: மைனஸ் மதிப்புகளைப் பூச்சியமாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். இரைச்சல் பூச்சியத்தின் இருபுறமும் ஆடுவதுதான் இயல்பு. கீழ்ப்பாதியை வெட்டினால் சராசரி மேலே நகர்ந்துவிடும்.

கேள்வி: நிறமாலைகளை ஒப்பிட ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, அதாவது நார்மலைஸ் செய்வது, பேஸ்லைன் நீக்கும் முன்பா, பின்பா?

பதில்: பேஸ்லைன் நீக்கிய பிறகுதான். முன்பே செய்தால் பின்னணியின் உயரத்தால் வகுத்தது போலாகிவிடும்.