பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பத்தை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் 2023 மார்ச்சில் 50 வயதைத் தொட்டது. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்கத் தோன்றும். அட்டையில் உள்ள முப்பட்டகப் படம் டி-ஷர்ட் வரை போய்விட்டது, அதை விடுங்கள். என்னைக் கேட்டால், ஒலியைக் கையாண்ட விதம்தான் பெரிய விஷயம்.

'மணி' (Money, பணம்) பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். நாணயம் குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஒலிகள். ஒவ்வொன்றையும் டேப்பில் பதிந்து, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டார்கள். தாளமும் ஏழு எண்ணிக்கைதான். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய காதுக்கு உடனே பிடிபடும். இன்று கணினியில் நொடியில் செய்யும் லூப் வேலையை அன்று பிளேடும் ஒட்டுநாடாவுமாகச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம், பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றில் ஒன்று கரைவது. நேரம், பணம், மரணம், மனப்பிறழ்வு எல்லாம் ஒரே மூச்சில் வரும். இவர்கள்தான் முதலில் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு பேரைக் கேட்கவைத்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 900 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது.

ஒரே ஒரு முறை, ஹெட்ஃபோனில், முழுசாக, வரிசை மாற்றாமல் கேட்டுப் பாருங்கள். ஷஃபிளில் போட்டால் பாதி போய்விடும்.