வேலை போனால் ஆசீர்வாதமும் போய்விட்டதா?

சகோதரரே, பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 14 ஆண்டு வேலை, போன மாதம் ஆட்குறைப்பு. சபையில் மற்றவர்கள் புது வீடு, புது கார் என்று சாட்சி சொல்லும்போது 'நான் யார், கர்த்தர் என்னைக் கைவிட்டாரா' என்று தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது.

நானும் ஜெலுத்தோங்கில் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன். அப்போது என்னைத் தாங்கியது ஆதியாகமம் 32ஆம் அதிகாரம். யாக்கோபுக்கு ஆடுமாடு, வேலைக்காரர் எல்லாம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அந்த இரவு, தன்னோடு போராடிய தேவதூதரை, ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்று பிடித்துக்கொள்கிறான். அவனிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: உன் பேர் என்ன? முன்பு தகப்பனிடம் அண்ணன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் வாங்கியவன், இந்த முறை தன் சொந்தப் பேரைச் சொல்கிறான். புதுப் பேரும் ஆசீர்வாதமும் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் போராட்டத்தில் தொடைச்சந்து சுளுக்கியதால், விடியும்போது நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். சாட்சி நேரத்தில் அந்த நொண்டலையும் நாம் சொல்ல வேண்டும்.

மத்தேயு 3ஐயும் வாசியுங்கள். 'என் நேசகுமாரன்' என்று வானத்திலிருந்து வந்த சத்தம், இயேசு ஊழியத்தைத் தொடங்கும் முன்பே வந்தது; வேலை செய்து சம்பாதித்த பேர் அல்ல அது.

அப்புறம், சொக்சோவின் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிழப்புக் காப்புறுதிக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? வேலை போன 60 நாளுக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். உங்களோடு வேலை இழந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களில் யாராவது உங்களைப் போலவே தூங்காமல் கிடக்கலாம். இன்று இரவு உங்களுக்காக ஜெபிக்கிறேன்.