யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பூநாரைகள் ஒரு வருடம் நிறையவும் இன்னொரு வருடம் குறைவாகவும் தெரிவது ஏன்?

முக்கிய காரணம் தண்ணீரின் ஆழமும் உப்பும். எங்கள் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழையில் உப்பு இறங்கும், கோடையில் நீர் ஆவியாகி ஏறும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடித்து, நுண்பாசியையும் உவர்நீர்ச் சிற்றிறாலையும் தின்னும். மழை மிஞ்சினால் அந்த உணவு ஐதாகிவிடும், நின்று மேய முடியாத ஆழமும் வந்துவிடும். சேற்றில் இரை தேடும் சிறு பறவைகளான குட்டைக்கால் உள்ளான்களின் பாடு இன்னும் கடினம். சில அங்குலம் நீர் கூடினாலே அவற்றின் சேற்றுத்திடல் மூழ்கிவிடும். மழை பொய்த்தால் தரவை, அதாவது ஏரியோரத் திறந்தவெளி, காய்ந்து வெடிக்கும்.

அப்போது பறவைகள் சுண்டிக்குளம், மன்னாரின் வங்காலை என்று வேறு ஈரநிலங்களுக்கு இடம் மாறக்கூடும். ஆகவே இங்கே குறைந்தவுடன் அழிந்துவிட்டன என்று முடிவுகட்டக்கூடாது.

சரி, மனிதர் பங்கு? தொண்டைமானாற்றுத் தடுப்பணை போன்றவை உவரைத் தடுக்கக் கட்டப்பட்டவை. அவை நீரின் போக்கையும் மாற்றுகின்றன. எனக்குப் பெரிய கவலை, கண்டல் மரங்களை வெட்டுவதும் கரையைக் குப்பையால் நிரப்புவதும்தான். கடல்மட்டம் உயரும்போது சேற்றுநிலம் உள்ளே நகர இடம் வேண்டும். கரையோரம் மதிலும் வீதியும் நின்றால் அதற்கு வழியே இல்லை.