சட்டைப்பையில் தம்பியின் பெயர்

ஐயா, வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தம்பியும் அவன் மனைவியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது அவர்கள் மகனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனை வளர்த்தவள் நான். பெங்களூருக்குப் படிக்கப் போனவன் அங்கே மார்மன் சபையில் சேர்ந்தான். படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, ஊழியம் என்று விசாகப்பட்டினம் பக்கம் போனான். இரண்டு ஆண்டுகள் கழித்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் வீடு திரும்பினான்.

காலை 6.30 மணிக்கு எழுந்து படுக்கையை மடித்து வைக்கிறான். காபி வேண்டாம் என்கிறான். முதல் நாள் நான் கொடுத்த டம்ளரை அவன் தொடவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பட்டினி கிடக்கிறான். கடைக்கு அனுப்பினால் யாருக்கோ காத்திருப்பவனைப்போல வாசலிலேயே நிற்கிறான். என் அப்பா, தாத்தா பெயர்களையும் அவர்கள் பிறந்த ஆண்டுகளையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறான். பீரோவைத் துடைக்கும்போது அவனுடைய கறுப்புப் பெயர்ப்பட்டையைப் பார்த்தேன். 'எல்டர்' என்று போட்டு என் தம்பியின் பெயர் இருக்கிறது. அவன் பெயர் இல்லை. பெயரைக்கூடப் பறித்துக்கொண்டார்களா?

அவர்கள் கிறிஸ்தவர்கள்தானா? பணம் கொடுத்தார்களா? பல மனைவிகளைக் கட்டுவார்கள் என்கிறார்களே? பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பர் நினைவு வருகிறது. அவரைப்போல இவனும் ஒருநாள் கரையேறுவானா?

உங்கள் வாசகி,
கடலூர்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாசலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். அதற்கு எனக்கு விடை தெரியும். அதையே முதலில் சொல்கிறேன்.

புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எனக்கு அறிமுகமானார். நெல்லித்தோப்பில் தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவரும் இதே சபையில் சேர்ந்து, 2014 முதல் 2016 வரை ஆந்திரத்தில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் நாங்கள் நடப்போம். அப்படி நடந்த மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னவற்றை வைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேதம் சொல்லும் ஊழியத்துக்குப் போகிறவர்களை அந்தச் சபை தனியாக விடுவதில்லை. எப்போதும் இருவர். குளியலறை நேரம் தவிர, ஒருவர் கண்ணிலும் காதிலும் படும் தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும். ஒரே அறையில் படுக்கை, ஒரே பஸ்ஸில் பயணம். கடைக்கு ஒருவர் உப்பு வாங்கப் போனாலும் மற்றவரும் செருப்பு மாட்ட வேண்டும். சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை துணையை மாற்றுவார்கள். ஆள்தான் மாறுவார், துணை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. இந்த இளைஞர் ஊர் திரும்பிய அன்று, புதுச்சேரி பஸ் நிலையத்தில் பெட்டியோடு இருபது நிமிடம் நின்றிருக்கிறார். ஏன் நிற்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. துணை வரட்டும் என்று நின்றிருக்கிறார். வரப்போகிறவர் யாரும் இல்லை என்று உறைத்தபோது கண் கலங்கிவிட்டது என்றார்.

உங்கள் மருமகன் வாசலில் நிற்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஒரு கணமும் தனித்திருக்காத பிள்ளை, இப்போது தனியாகத் தெருவில் இறங்கப் பழகிக்கொண்டிருக்கிறான். மூளைச்சலவை என்ற சொல்லை அதற்குப் போடாதீர்கள், அம்மா. முடிந்தால் முதல் சில வாரங்கள் நீங்களும் கூடவே கடைக்குப் போய் வாருங்கள்.

அடுத்தது காபி. தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் அன்பை மறுக்க இதைவிடக் கொடிய வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். அமெரிக்காவில் அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், தனக்கு 1833இல் கிடைத்ததாகச் சொன்ன ஒரு வெளிப்பாட்டின்படி மது, புகையிலை, தேநீர், காபி நான்கையும் அவர்கள் விலக்குகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த பையனுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. நம் பையன்களுக்கோ தினமும் பரீட்சை. ஆந்திரத்தில் ஏதோ ஒரு சந்தில், வெயிலில் வந்த பிள்ளைகள் என்று ஒரு பாட்டி அவசரமாகப் பால் வாங்கி வரச் செய்து தேநீர் போட்டுக் கொடுத்தாராம். மறுத்ததும் அந்த முகம் போன போக்கை நெல்லித்தோப்பு நண்பரால் இன்றும் மறக்க முடியவில்லை. மறுநாள் தாமாகவே அந்த வீட்டுக்குப் போய், "பாட்டி, தாகமாக இருக்கிறது, மோர் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டு வாங்கிக் குடித்தால் மறுத்தது மறந்துபோகும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன் என்றார். அவருடைய அம்மா ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். காபித்தூள் படாத சுக்குமல்லிக் காபி. பெயரில் மட்டும்தான் காபி. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தடை செய்யப்பட்ட பட்டியலில் இல்லை. அதே டபராவில் அதே சூட்டில் ஆற்றிக் கொடுக்கிறார், மகனும் குடிக்கிறார். நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் ஞாயிறு பட்டினிக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, அந்த உணவுக்கு ஆகும் பணத்தை இல்லாதவர்களுக்கென்று கொடுத்துவிட வேண்டும். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பை அணையாமல் வைத்திருக்கும் மாவட்டத்தில் வாழ்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் சந்தேகங்களில் சிலவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். பணம் கொடுக்கவில்லை, அவன்தான் கொடுத்திருப்பான். சம்பளம் கிடையாது, செலவைத் தானும் குடும்பமும் ஏற்க வேண்டும், முடியாதவர்களுக்குச் சபையின் பொது நிதி கைகொடுக்கும். நண்பர் ஒரு துணிக்கடையில் 14 மாதம் நின்று சம்பாதித்ததை அப்படியே இதில் போட்டார். பலதார மணத்தை அந்தச் சபை 1890இல் கைவிட்டது. இன்று யாராவது செய்தால் வெளியேற்றிவிடுவார்கள். கிறிஸ்தவர்களா என்றால், தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே அவர்கள் சொல்கிறார்கள். மார்மன் என்ற பெயரையும் இப்போது தவிர்க்கிறார்கள், இயேசு கிறிஸ்துவின் பெயர் உள்ள முழுப் பெயரால்தான் சபையை அழைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்வதாலும், பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மற்ற சபைகள் புரிந்துகொள்வதுபோல் புரிந்துகொள்ளாததாலும், மற்றவர்கள் பலர் அவர்களை ஏற்பதில்லை. அவர்கள் தரும் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. நெல்லித்தோப்பு அம்மாவுக்கு உங்களைவிடப் பெரிய காயம் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற மகன் மறுபடி முழுக்கு எடுத்தது, தாம் கொடுத்ததை அவன் திருப்பிக் கொடுத்ததைப்போல அவருக்கு இருந்தது.

அந்தச் சபையோடு எனக்கும் கடுமையான வேறுபாடுகள் உண்டு. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவத்தை மறுத்து வந்தார்கள். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 18 வயதில் ஒரு பிள்ளையை இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து பிரிப்பதும் எனக்கு உவப்பில்லை. நண்பரின் காலத்தில் ஆண்டுக்கு இரண்டே முறைதான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம், கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேச அனுமதித்தார்கள். அவருக்கு இருந்தது வாராந்தர மின்னஞ்சல் ஒன்றுதான். சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைக்கிற, முடிவெட்டிக்கொள்கிற அந்த ஒரு நாளில் உட்கார்ந்து எழுதுவார். தங்கை பிரவுசிங் சென்டருக்குப் போய் அச்செடுத்து வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். பதினேழாம் மாதத்தில் அந்தத் தங்கைக்கே திருமணம். அண்ணன் வரவில்லை, ஊழியத்தின் நடுவே திருமணத்துக்கு ஊர் திரும்புகிற வழக்கம் இல்லை. "மூத்தவன் எங்கே?" என்று பந்தியில் கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "வேலையாக இருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். தங்கை புகுந்த வீடு போன பிறகு அம்மாவுக்கு அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அது தவறு என்று நண்பரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும், அந்தப் பிள்ளைகள் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. காரணம், அவர் சொன்ன ஒன்பதாம் மாதத்துக் கதை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். 'நம்புகிறேன்' என்று சொல்வது அரிது. 'எனக்குத் தெரியும்' என்பார்கள், இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்று. ஒன்பதாம் மாதத்தில் நண்பருக்கு அந்தச் சொல் வரவில்லை. வரச் சொன்ன வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்த மாதம் அது. அரைகுறைத் தெலுங்கில் பேசினால் சிரிப்பார்கள். இரவு மொட்டைமாடியில் முழங்காலிட்டுப் பார்த்தார், ஒரு பதிலும் இல்லை. மார்மன் புத்தகத்தில் விசுவாசத்தை விதைக்கு ஒப்பிடும் ஓர் அதிகாரம் இருக்கிறது. நம்ப முடியாவிட்டாலும், நம்ப வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதையே ஊன்றிப் பார்க்கலாம் என்று அதில் வருகிறது. அந்த ஞாயிறு எழுந்து நின்று, "எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். கூடத்தில் சத்தமே இல்லை. வெளியே வந்ததும் அவருடைய துணை, ஜார்க்கண்டுக்காரப் பையன், ஒன்றும் பேசாமல் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தானாம். என் விசுவாசம் அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் தொடங்கியது என்பார் நண்பர். அவருடைய வேதம் என் வேதம் அன்று. ஆனால், 19 வயதில் ஒரு கூட்டத்தின் நடுவே எழுந்து தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிவு இருந்திருக்காது.

உங்கள் மருமகனிடம் எதை நம்புகிறாய் என்று கேட்டால், மனப்பாடமாக ஒரு பதில் வரும். ஒன்பதாவது மாதம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். யாரோடு தங்கினாய், யார் சமைத்தார்கள், எந்த வீட்டில் அழுதாய் என்று கேளுங்கள். அத்தை கேட்டால் அவன் சொல்வான்.

தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை எதற்குக் கேட்கிறான் என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. இறந்த முன்னோர் சார்பில் அவர்கள் தங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்வார்கள். பெங்களூரில் அப்படி ஓர் ஆலயம் கட்டப்போவதாக 2018இல் அறிவித்தார்கள். அந்த ஞானஸ்நானத்தை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் ஆன்மா விருப்பம் என்பது அவர்கள் கொள்கை. அமாவாசைக்கு அமாவாசை தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன், பெரியவர்களுக்குத் தன்னால் ஆனதைச் செய்ய நினைக்கிறான். அதற்காக நீங்கள் சம்மதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால், உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவினரிடம் அனுமதி பெற வேண்டும் என்று அவர்கள் சபையே விதி வைத்திருக்கிறது. உங்கள் அப்பா விஷயத்தில் அந்த உறவினர் நீங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவன் அதற்குக் கட்டுப்பட்டவன்.

அப்பரைக் கேட்டிருந்தீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் சமணத் துறவியாக, தருமசேனராக, கற்றுத் தேர்ந்து வாழ்ந்தவர் அவர். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகையில் வாசல் பெருக்கிக்கொண்டு காத்திருந்தார். அவர் சைவத்துக்குத் திரும்பினார். இவன் திரும்புவானா என்று சொல்ல நான் யார்? திரும்பாமலும் போகலாம். 1740இல் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் உங்கள் கடலூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரிகளுக்குக் கணக்கில்லை. வேதம் சொல்ல வெளியூர்ப் பிள்ளை வருவது இந்தக் கரைக்குப் பழகியது. நம் வீட்டுப் பிள்ளை அதற்காக வெளியூர் போவதுதான் நமக்கு இன்னும் பழகவில்லை. ஸ்வீடனில் கீர்நாண்டருக்கும் ஓர் அத்தை இருந்திருக்கலாம்.

கடைசியாக அந்தப் பெயர்ப்பட்டை. எல்டர் என்றால் மூப்பர், அது பதவி. அதன் பின்னால் குடும்பப் பெயரைப் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தானே எழுதுகிறோம், அதுவே பட்டையிலும் ஏறிவிடுகிறது. நெல்லித்தோப்பு நண்பருக்கும் அப்படித்தான். புறப்படும் நாளிலிருந்து பேசாமல் இருந்த அப்பாவின் பெயரைச் சட்டைப்பை மேல் குத்திக்கொண்டு இரண்டு ஆண்டுகள் நடந்தார். அவன் பெயரை யாரும் பறிக்கவில்லை, அம்மா. விசாகப்பட்டினத்தில் அவனை அழைத்தவர்கள் எல்லாரும் உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதோடு அப்பாவை இழந்த பிள்ளை அதற்கு ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

நண்பரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவனைப் பார்க்க வேண்டும் என்கிறார். கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அவனைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஆராதனை இருக்கும், அதனால் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சுக்குமல்லிக் காபியை நெல்லித்தோப்பு அம்மாவே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.